கில்ட்: துணியின் விதியும் கடையின் விதியும்

1822 ஆகஸ்டில் எடின்பரோவுக்கு வந்த நான்காம் ஜார்ஜ் மன்னர், ஹோலிரூட் அரண்மனை வரவேற்பில், ஸ்காட்லாந்து ஆண்கள் இடுப்பில் கட்டும் கொசுவ உடையான கில்ட்டை உடுத்தி நின்றார். அந்த உடைக்கும் அதன் அணிகளுக்கும் கடைக்காரர் போட்ட கணக்கு 1,354 பவுண்டு 18 ஷில்லிங். டார்டன் என்னும் கட்டம்போட்ட சிவப்புக் கம்பளித்துணி, பொன் வேலைப்பாடு, ரத்தினக் கற்கள், வாள், கைத்துப்பாக்கி என்று எதிலும் குறை வைக்கவில்லை. குறை கீழோரத்தில் இருந்தது. கில்ட் முழங்காலுக்கு வெகு மேலேயே நின்றுவிட்டது. அதற்கடியில் போட்டிருந்த இளஞ்சிவப்பு இறுக்கக் காலுறை எல்லார் கண்ணிலும் பட்டது. கேலிச்சித்திரக்காரர்களுக்கு அது ஒன்றே போதுமாயிருந்தது. பிற்பாடு ஓவியர் டேவிட் வில்கி மன்னரை அதே கோலத்தில் வரைந்தபோது அந்த இளஞ்சிவப்பை விட்டுவிட்டார்.

இருநூறு ஆண்டு கடந்தும் ஸ்காட்லாந்துக் கல்யாணங்களில் கில்ட் கெடுவது பெரும்பாலும் அதே இடத்தில்தான், திசைதான் மாறியிருக்கிறது. மன்னருடையது ஏறி நின்றது, இன்றைய விருந்தினருடையது இறங்கிக் கிடக்கிறது. ஜீன்ஸ் உட்காரும் இடுப்பில் கில்ட்டையும் மாட்டிக்கொண்டு, கெண்டைக்கால் பாதி மறைய, முன்பக்கம் தொய்ந்து, பின்பக்கம் விரிந்து நிற்கிறார்கள். அதே ஆள் காலுறை ரிப்பனின் நிறம் மணப்பெண்ணின் தோழியர் உடைக்குப் பொருந்துகிறதா என்று ஒரு வாரம் கவலைப்பட்டிருப்பார். எது முக்கியம், எது இல்லை என்ற தரம் குலைந்துபோயிருக்கிறது. வாடகைக் கடைச் சீட்டிலும் உடை பற்றிய கையேடுகளிலும் இருபது விதிகள் இருந்தால் இருபதும் ஒரே குரலில் பேசுகின்றன. அவை ஒரே எடையுள்ளவை அல்ல. அவற்றைப் பிரித்து நிறுத்துவதுதான் இங்கே என் வேலை.

இந்த உடையைப் பற்றிப் பேசுகிறவர்கள் இரண்டு கட்சியாக நிற்கிறார்கள். ஒரு கட்சிக்கு எல்லாமே விதி. மாலை ஆறு மணிக்கு முன் இந்தக் கோட்டு ஆகாது, இந்தக் காலணிக்கு இந்த ஸ்போரன்தான் (முன்புறம் தொங்கும் பை), உன் குலத்துக்கு இல்லாத டார்டனைத் தொடாதே என்பார்கள். மற்றக் கட்சிக்கு எதுவுமே விதியில்லை. இவர்கள் கையில் வலுவான ஆயுதம் ஒன்று இருக்கிறது. எரிக் ஹாப்ஸ்பாமும் டெரன்ஸ் ரேஞ்சரும் 1983இல் பதிப்பித்த, மரபுகள் எப்படிப் புனையப்படுகின்றன என்பது பற்றிய நூலில் வரலாற்றாசிரியர் ஹியூ டிரெவர்-ரோப்பர் ஒரு கட்டுரை எழுதினார். ஸ்காட்லாந்து மலைநாட்டவரின் பழைய உடை என்பது உடம்பைச் சுற்றி, இடுப்பில் வார் கட்டிய நீண்ட போர்வை. அதன் கீழ்ப்பாதியைத் தனியே பிரித்து இன்றைய சிறிய கில்ட்டாக்கியவர் தாமஸ் ராலின்சன் என்னும் ஆங்கிலேய இரும்பு உலை முதலாளி, காலம் 1720கள் என்றார். குலத்துக்கொரு டார்டன் என்பதும் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டு வியாபாரம் என்றார். 1842இல் வெளியான 'வெஸ்டியாரியம் ஸ்காட்டிக்கம்' என்ற புகழ்பெற்ற டார்டன் நூல் மோசடி என்பதும் உறுதிப்பட்ட சங்கதி. ஆக எல்லாமே நேற்றைய கற்பனை என்றால் எப்படி உடுத்தினால் என்ன என்கிறது இந்தக் கட்சி.

ராலின்சன் கதைக்கு முக்கிய ஆதாரம் 1785இல் ஓர் எடின்பரோ பத்திரிகையில் அச்சான கடிதம். நடந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்குப் பல பத்தாண்டுகள் பிந்தியது அது. சிறிய கில்ட் அதற்கு முன்பே இருந்தது என்று வாதிடும் ஆய்வாளர்களும் உண்டு. அந்த வழக்கு ஒருபுறம் இருக்கட்டும். டிரெவர்-ரோப்பர் சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை என்றே கொள்வோம். அதிலிருந்து எப்படியும் உடுத்தலாம் என்ற முடிவு வராது. ஓர் உடை எத்தனை ஆண்டு பழையது என்பது ஒரு கேள்வி, அது எப்படி நின்றால் ஒழுங்காக நிற்கும் என்பது வேறு கேள்வி. சூட்டும் பழங்காலத்து உடை இல்லை. அதனால் கை நீளம் விரலை மூடினாலும் பரவாயில்லை என்று எந்தத் தையற்காரரும் சொல்லமாட்டார்.

இன்னொன்றையும் அந்தக் கட்சி மறந்துவிடுகிறது. மலைநாட்டவர் கிளர்ச்சி முறியடிக்கப்பட்ட கலோடன் போருக்குப் பின் 1746இல் வந்த சட்டம், ராணுவத்துக்கு வெளியே மலைநாட்டு உடை உடுத்திய ஆணுக்கு முதல் முறை ஆறு மாதச் சிறையும், மறுமுறை ஏழாண்டு நாடுகடத்தலும் விதித்தது. 1782இல்தான் அது நீங்கியது. புனைந்த மரபுக்கு யாரும் நாடுகடத்தல் விதிப்பதில்லை. கில்ட்டின் தையல் புதிதாக இருக்கலாம், அதைச் சுற்றி நடந்த அடக்குமுறை நிஜம். கல்யாணப் பந்தியில் வேடிக்கை உடுப்பாக அதைச் சுற்றிக்கொண்டு வருகிறவர்மேல் எனக்கு வரும் கோபத்துக்கு அதுதான் காரணம்.

ஆகவே பழைமையை அளவுகோலாக எடுக்க மாட்டேன். ஒவ்வொரு விதியையும் மூன்று கேள்வியில் நிறுத்துவேன். மீறினால் துணியின் அமைப்புக் கெடுமா? உடுத்தியவர் நடக்கவும் உட்காரவும் ஆடவும் இடைஞ்சல் வருமா? அழைத்தவரின் நாளுக்கு அது குறையாகுமா? மூன்றுக்கும் இல்லை என்றால் அது ஒருவருடைய விருப்பம், விதி இல்லை.

முதல் கேள்விக்கு விடை சொல்ல, நல்ல கில்ட் எப்படித் தைக்கப்படுகிறது என்று பார்க்க வேண்டும். வழக்கமான முழுக் கில்ட்டுக்கு எட்டு கெஜம் கம்பளித்துணி போகிறது, அதாவது ஏழு மீட்டருக்குச் சற்று மேல். துணியின் கனத்தைக் கெஜத்துக்கு இத்தனை அவுன்ஸ் என்று சொல்வார்கள். 13 அவுன்ஸ் நடுத்தரம், 16 அவுன்ஸ் கனம். இந்த எட்டு கெஜத்தில் பெரும்பகுதி பின்னால் கொசுவமாகப் போய்விடும். முன்னால் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு தட்டையான மடல்கள் மட்டும். புடவைக் கொசுவம் முன்னால் விழுகிறது, கில்ட்டின் கொசுவம் பின்னால். கொசுவத்தைச் சும்மா மடித்துவிட்டுப் போவதில்லை. டார்டனின் கட்டங்கள் பின்புறமும் முறியாமல் தொடரும்படியோ, ஒரே கோடு ஒவ்வொரு மடிப்பிலும் திரும்பத் திரும்ப வரும்படியோ கணக்குப் பார்த்து மடிக்கிறார்கள். பிறகு இடுப்பிலிருந்து பிட்டத்தின் அகன்ற பகுதி வரை ஒவ்வொரு மடிப்பையும் கையால் தைக்கிறார்கள். மேலே போகப்போக மடிப்பு ஒடுங்குகிறது, இடுப்பின் வளைவு தையலிலேயே வந்துவிடுகிறது. உள்ளே கான்வாஸ் வைத்து அந்த வளைவை நிலைநிறுத்துகிறார்கள். தையல் எங்கே முடிகிறதோ அங்கிருந்து கொசுவம் விடுபட்டுத் தொங்குகிறது.

இதைத் தெரிந்துகொண்டால் இடுப்பு விதி ஏன் எல்லா விதிக்கும் தாய் என்பது புரிந்துவிடும். கில்ட்டின் இடம் கால்சட்டை உட்காரும் இடுப்பு எலும்பின் மேல் அல்ல. உடம்பு உண்மையில் ஒடுங்கும் இடத்தில், தொப்புளுக்கும் மேலே அதன் மேலோரம் வரவேண்டும். இரண்டு அங்குலம் இறக்கிக் கட்டினால் ஒடுக்கமான இடுப்புக்குத் தைத்த பகுதி அகன்ற இடத்தில் போய் நெருக்கும், அகலத்துக்குத் தைத்த பகுதி தொடையில் தொங்கும். கொசுவம் நேராக விழாமல் வாய் பிளக்கும். முன்மடலின் ஓரம் விலகும். கீழோரம் கெண்டைக்காலுக்கு இறங்கும். ஒரே தவறு நாலு இடத்தில் தெரியும். கோட்டையும் ஸ்போரனையும் எவ்வளவு உயர்ந்ததாகப் போட்டாலும் இதை மறைக்க முடியாது. மூன்று கேள்வியில் முதல் இரண்டிலும் இது தோற்கிறது, ஆகவே இதில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை.

கீழோரம் முழங்கால் சில்லின் மேல்விளிம்புக்கும் நடுவுக்கும் இடையில் நிற்க வேண்டும். உடுத்திக்கொண்டு முழந்தாளிட்டு நிமிர்ந்து நில்லுங்கள். துணி தரையில் புரளாமல் ஒரு விரற்கடை மேலே நின்றால் நீளம் சரி. இந்த அளவுக்கும் காரணம் இருக்கிறது. கனத்த கம்பளி முழங்காலுக்குக் கீழே இறங்கினால் ஒவ்வோர் எட்டிலும் காலில் மோதும், மழை நாளில் ஈர ஓரம் தோலை உராயும். மேலே ஏறினால் உட்காரும்போது மானம் போகும்.

கட்டும் முறை சுலபம். உள்மடல் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் வரும். அதன் வார், இடுப்பின் இடப்புறம் விட்டிருக்கும் துளை வழியே வெளியே வந்து பக்கிளில் மாட்டும். மேல்மடல் இடமிருந்து வலம் வந்து வலப்புறம் மாட்டும். நூல் தொங்கும் விளிம்பு அணிகிறவரின் வலக்கைப் பக்கம் இருக்க வேண்டும். கில்ட்டைத் திருப்பிக் கட்டி, கொசுவத்தை முன்னால் விட்டு வருகிறவர்களையும் கல்யாணங்களில் காணலாம். முதல் முறை உடுத்துகிறவருக்கு ஒரு நாள் முன்னதாகவே யாராவது காட்டிக்கொடுத்தால் இது நேராது.

கில்ட் ஊசி என்பதை இரண்டு மடலையும் சேர்த்துக் குத்துவதற்கென்று நினைப்பவர்கள் உண்டு. தப்பு. மேல்மடலின் வலது கீழ்மூலையில், மேல்துணியில் மட்டும் குத்த வேண்டும். இரண்டையும் சேர்த்துக் குத்தினால் மேல்மடல் இயல்பாக விழாது, உட்கார்ந்து எழும்போது ஏதோ ஓரிடத்தில் துணி கிழியும். உட்காரும்போது கையால் கொசுவத்தைப் பின்னிருந்து தழுவி அடியில் சமனாக்கிக்கொண்டு உட்கார வேண்டும். கசக்கி உட்கார்ந்தால் சாப்பாடு முடிந்து எழும்போது அத்தனை கைத்தையலின் பயனும் போய்விடும்.

ஸ்காட்லாந்துக் கல்யாணத்தில் உடையைச் சோதிக்கும் இடம் தேவாலயம் அன்று, இரவின் கெய்லி நடனம். 'ஸ்ட்ரிப் த வில்லோ'வில் வரிசையில் ஒவ்வொருவரையும் கைகோத்துச் சுழற்றிக்கொண்டே போக வேண்டும். எட்டு கெஜம் எதற்கு என்ற கேள்விக்கு அங்கே பதில் கிடைக்கும். கனமான துணி சுழலும்போது விரிந்து, நின்றவுடன் பழைய மடிப்புக்கே திரும்பிவிடும். ஐந்து கெஜத்தில் மெல்லிய செயற்கை இழையில் தைத்த மலிவுக் கில்ட், சுழன்றால் பறக்கும், நின்றால் ஒட்டும். பணம் மிச்சமாகும் என்று அதை வாங்குகிறவருக்கு உடையின் உயிர்நிலையே போய்விடுகிறது.

கோட்டு விஷயத்துக்கு வருவோம். அலுவலகத்துக்குப் போடும் சூட் கோட்டைக் கில்ட்டுக்கு மேல் போடக் கூடாது என்பதும் துணியின் விதிதான். அதன் நீளம் ஸ்போரனை மூடும், கொசுவத்தின் மேல் பகுதியையும் மறைக்கும். கில்ட் கோட்டுகள் குட்டையாக, முன்பக்கம் வளைத்து வெட்டப்படுவது அதனால்தான். குட்டைக் கோட்டுகளில் எது என்பதில்தான் நிஜமான சண்டை.

பிரின்ஸ் சார்லி என்ற கோட்டு வெள்ளிப் பித்தான், பளபளக்கும் மடிப்புக் கழுத்து, பின்னால் சிறு வால்களோடு, மூன்று பித்தான் வெயிஸ்ட்கோட்டும் போ டையும் சேர்த்து அணிவது. 1745இல் படை திரட்டிய இளவரசர் சார்ல்ஸின் பெயர் இதற்கு இருக்கிறதே தவிர, தையல் அவருக்கு நூறாண்டுக்கும் மேல் பிந்தியது. ஆங்கிலேயரின் இரவு விருந்து உடைக்கு மலைநாட்டு இணையாக வளர்ந்தது. அதனால்தான் மாலை ஆறு மணிக்கு முன் அணியாதே என்ற விதி. இதற்கு எதிர்நிலையில் ஆர்கைல் கோட்டு இருக்கிறது. எளிய வெட்டு, ஐந்து பித்தான் வெயிஸ்ட்கோட், சாதாரண நீள டை. சாம்பல் நிறத்திலோ ட்வீட்டிலோ பகலுக்கு, கறுப்புத் துணியில் வெள்ளிப் பித்தானோடு என்றால் இரவுக்கும்.

ஆறு மணி விதியைக் கண்ணை மூடிக்கொண்டு ஆதரிக்க எனக்கு மனமில்லை. ஸ்காட்லாந்தில் கல்யாணச் சடங்கு பெரும்பாலும் மதியம் ஒன்று, இரண்டு மணிக்குத் தொடங்கும், ஆட்டம் நள்ளிரவு வரை போகும். நடுவில் உடை மாற்ற யாருக்கும் நேரமில்லை. அப்பா, அண்ணன், மாமா எல்லாரும் பிரின்ஸ் சார்லியில்தான் மணமேடையில் நின்றார்கள் என்ற குடும்பப் படங்கள் இலட்சக்கணக்கான வீடுகளில் தொங்குகின்றன. மூன்று தலைமுறை மக்கள் மனமார நடத்திக் காட்டியதை ஒரு விதிப்புத்தகத்தின் பெயரால் தவறு என்பது அகங்காரம். மணமகன் அதை அணிந்தால் நான் குறை சொல்லமாட்டேன்.

ஆனாலும் தீர்ப்பு ஆர்கைலுக்குத்தான். நண்பகல் வெளிச்சத்தில் பிரின்ஸ் சார்லியின் பளபளப்பு டார்டனோடு போட்டி போடுகிறது, இரண்டும் சேர்ந்து கண்ணைக் களைக்கவைக்கின்றன. பகலும் இரவும் ஒரே உடையில் கழிய வேண்டும் என்பதுதான் பிரின்ஸ் சார்லிக்காரர்களின் வாதம் என்றால், அந்த வாதத்தை வென்று காட்டுவது கறுப்பு ஆர்கைல்தான். பகலில் நீள டை, இரவில் போ டை, அவ்வளவுதான் மாற்றம். இப்போது ஏரிக்கரையிலும் பண்ணைக் கொட்டகையிலும் மலையடிவாரத்திலும் கல்யாணம் வைக்கிறார்கள். அங்கே ட்வீட் ஆர்கைல்போல் பொருந்துவது வேறில்லை. விருந்தினர் விஷயத்தில் என் நிலை இன்னும் கறார். மணமகனைவிட உயர்ந்த அலங்காரத்தில் வருவது அழைத்தவரின் நாளுக்குக் குறை. தோளில் வட்ட வெள்ளிப் பதக்கம் குத்திப் பின்னால் துணி தொங்கவிடும் அலங்காரம் மணமகனுக்கு உரியது, விருந்தினர் அதைத் தொடவே வேண்டாம். மார்பில் கயிறு கோத்த தொளதொள சட்டைக்கு ஜாக்கபைட் என்று பெயர் சூட்டி விற்கிறார்கள். கெய்லிக்கு அது காற்றோட்டமாக இருக்கும். சடங்கு நேரத்தில் அது நாடக உடுப்புப் போலத்தான் தோன்றுகிறது.

இடுப்பு வாரும் வெயிஸ்ட்கோட்டும் சேர்ந்து வரக் கூடாது என்கிறது பழைய விதி. இதை நான் ஏற்கிறேன். வெயிஸ்ட்கோட்டுக்கு அடியில் பெரிய பக்கிள் புடைத்து நின்றால் வயிற்றில் துணி சரியாக உட்காராது. கோட்டு மட்டும் என்றால் வார் போடலாம்.

காலுறையில் வெள்ளை நிறம் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பளீர் வெள்ளைக் காலுறை 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாடகைக் கடைகளின் வழியாகப் பரவியது. எல்லா டார்டனுக்கும் ஒத்துப்போகும், ஒரே இருப்பை எல்லாருக்கும் தரலாம் என்பது கடைக்கு வசதி. உடுத்தியவருக்கு அதனால் ஒரு வசதியும் இல்லை. அது பார்ப்பவர் கண்ணை முதலில் கெண்டைக்காலுக்கு இழுத்துவிடுகிறது, அத்தனை நுட்பமான டார்டன் நெசவு இரண்டாம் இடத்துக்குப் போகிறது. டார்டனில் இருக்கும் அடர்பச்சை, கருநீலம், அரக்கு ஆகிய நிறங்களில் ஒன்றையோ, அதுவும் இல்லையென்றால் வெளிறிய சந்தன நிறத்தையோ எடுத்துக்கொள்வது மேல். ஆனால் மணமகன் வீட்டார் தோழர்கள் எல்லாருக்கும் வெள்ளை ஏற்பாடு செய்திருந்தால் போட்டுக்கொண்டு போங்கள். அது சண்டைக்குரிய காரியம் இல்லை.

காலுறையின் மேல்மடிப்பு முழங்கால் சில்லுக்கு மூன்று விரற்கடை கீழே இருக்கட்டும். அதைப் பிடித்திருக்கும் பட்டையில் தொங்கும் ரிப்பன் துண்டுகள் காலின் வெளிப்பக்கம் பார்க்க வேண்டும். அவை மணப்பெண் தோழியர் உடையின் நிறத்தில் இருந்தாக வேண்டும் என்பது முழுக்கக் கடையின் விதி, கணக்கில் எடுக்க வேண்டாம். கில்லி ப்ரோக்ஸ் என்ற காலணிக்கு முன்நாக்கு கிடையாது. நீண்ட கயிற்றைக் கணுக்காலைச் சுற்றிக் கட்ட வேண்டும். கெண்டைக்காலில் பாதி தூரம் ஏற்றிச் சுற்றினால் ஆடும்போது அவிழும், காலுறையையும் இழுக்கும். இந்தக் காலணி இல்லாவிட்டால் நன்றாகத் துடைத்த சாதாரணக் கறுப்புத் தோல் காலணி போதும்.

ஸ்போரன் நடுவில், வெயிஸ்ட்கோட்டின் கீழ்முனைக்கு ஏறக்குறைய ஒரு கையகலம் கீழே. கில்ட்டில் பை கிடையாது என்பதால் பணமும் கைப்பேசியும் இதில்தான். பகலுக்கு வெறும் தோல், இரவுக்கு வெள்ளி விளிம்பும் உரோமமும் வைத்தது என்பது முறை. இரண்டுக்கும் நடுவில் பாதித் தோல், பாதி உரோமம் என்று ஒரு வகை உண்டு, நாள் முழுக்க நீளும் கல்யாணத்துக்கு அதுவே பொருத்தம். பைப் இசைப்பவர்கள் அணியும் நீள முடி ஸ்போரன் வேண்டாம். துள்ளி ஆடும்போது ஸ்போரனைப் பக்கவாட்டில் இடுப்புக்குத் தள்ளிக்கொள்வது வழக்கம்.

காலுறைக்குள் செருகும் சிறுகத்தி ஸ்கியன் டூ. வலக்கைக்காரருக்கு வலக்கால், இடக்கைக்காரருக்கு இடக்கால். கைப்பிடி மட்டும் வெளியே தெரிய வேண்டும். பொது இடத்தில் கத்தி வைத்திருப்பதற்கு எதிரான ஸ்காட்லாந்தின் 1995ஆம் ஆண்டுச் சட்டம், தேசிய உடையின் பகுதியாக வைத்திருப்பதை நியாயமான காரணமாக ஏற்கிறது. விமானத்தில் கையோடு கொண்டுபோக முடியாது, சரக்குப் பெட்டியில்தான் போட வேண்டும். என் தனிப்பட்ட கருத்து: குடித்தும் ஆடியும் குழந்தைகள் ஓடியும் கழியும் இரவில் தீட்டிய கத்திக்கு வேலையில்லை. கைப்பிடி மட்டும் உள்ள போலி போதும், இல்லாவிட்டாலும் எதுவும் குறைந்துவிடாது. உள்ளாடை பற்றி உலகமே கேட்கும் கேள்விக்கும் ஒரே வரி: போட்டுக்கொள்ளுங்கள், வாடகைக் கில்ட் என்றால் கட்டாயம்.

கடைசியில் டார்டன். யாருக்கு எது உரிமை என்பதில்தான் விதிக்கட்சி தன் முழு அதிகாரத்தையும் காட்டுகிறது. ஆதாரமோ அதற்கு எதிராக நிற்கிறது. கலோடன் போரை ஒட்டி டேவிட் மோரியே வரைந்த ஓவியத்தில் எட்டு மலைநாட்டு வீரர்கள் இருக்கிறார்கள். எட்டுப் பேரும் எட்டு விதம், ஒவ்வொருவரும் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாகப் பல டார்டனில் நிற்கிறார்கள். லண்டனின் மலைநாட்டுச் சங்கம் 1815இல் குலத்தலைவர்களிடம் உங்கள் குல டார்டன் மாதிரியை முத்திரையிட்டு அனுப்புங்கள் என்று கேட்டபோது, தங்களுடையது எது என்று தெரியாத தலைவர்களும் இருந்தார்கள். பானக்பர்னில் இருந்த வில்சன் நெசவு நிறுவனம் பல டார்டன்களை வெறும் எண்ணாக விற்றது. மக்ஃபர்சன் குலத்துக்கு என்று விற்கப்பட்ட ஒரு டார்டன், அதற்கு முன் கிட் என்பவர் தம் மேற்கிந்தியத் தீவு அடிமைகளுக்கு உடுத்த மொத்தமாக வாங்கியதால் 'கிட்' என்றும், அதற்கும் முன் 155ஆம் எண் என்றும் இருந்தது என டிரெவர்-ரோப்பர் எடுத்துக்காட்டுகிறார். குலப்பெருமை பேசுகிறவர்கள் அந்த இரண்டாவது பெயரைக் கொஞ்ச நேரம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

அதற்காக டார்டனுக்குப் பொருளே இல்லை என்று சொல்லமாட்டேன். இருநூறு ஆண்டாக ஒரு குடும்பம் ஒரு கட்டத்தைத் தன் பெயரோடு சேர்த்துப் போற்றி வந்திருக்கிறது, தாத்தாவின் கில்ட்டைப் பேரன் இடுப்பு மாற்றித் தைத்து உடுத்துகிறான். அந்தப் பற்று நிஜம். அது பற்றாகவே இருக்கட்டும், வேலியாக வேண்டாம் என்பதே என் வாதம். சட்டமும் வேலி போடவில்லை. 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 2009 பிப்ரவரியில் தொடங்கிய ஸ்காட்லாந்து டார்டன் பதிவேடு நெசவு அமைப்பைப் பதிகிறது, யார் உடுத்தலாம் என்று உத்தரவிடுவதில்லை. அரச குடும்பத்துக்கென்று ஒதுங்கிய பால்மோரல் டார்டன்போல் மிகச் சிலவற்றை விலக்கிவிட்டு எதையும் உடுத்தலாம். குலம் எதுவும் இல்லாதவருக்குப் பிளாக் வாட்ச் போலப் பொதுவானவையும், எடின்பரோ, கிளாஸ்கோ போன்ற ஊர்ப் பெயரில் உள்ளவையும் இருக்கின்றன. படிக்கவோ பிழைக்கவோ அங்கே போய், கூட வேலை பார்ப்பவரின் கல்யாணத்துக்கு அழைக்கப்படும் நம் ஊர்ப் பிள்ளை தயங்க வேண்டியதில்லை. மணவீட்டாரிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதும். பெரும்பாலும் மகிழ்ந்துபோய் அவர்களே கட்டிவிட வருவார்கள்.

மணமகனின் தோழர்கள் எல்லாரும் ஒரே டார்டனில் சீருடைபோல் நிற்க வேண்டும் என்பதும் வாடகைக் கடையின் இருப்பிலிருந்து வந்த வழக்கம்தான். படத்துக்கு ஒழுங்காக இருக்கும் என்பார்கள். மோரியேயின் எட்டுப் பேர் இன்னும் நன்றாகவே இருக்கிறார்கள். சொந்தக் கில்ட் உள்ளவர் அதையே உடுத்தட்டும், வெவ்வேறு குடும்பங்கள் ஓரிடத்தில் கூடியிருக்கின்றன என்று அப்போதுதான் தெரியும்.

வாடகைக்கா, சொந்தமா என்ற கேள்விக்கும் மேலே சொன்ன அளவுகோலே விடை தருகிறது. வாழ்நாளில் ஒரு கல்யாணம் என்றால் வாடகை போதும். ஆனால் தபாலில் அளவு அனுப்பி வாங்காதீர்கள், நேரில் போய் உடுத்திப் பாருங்கள். கால்சட்டை அளவைச் சொல்லாதீர்கள். தொப்புளுக்கு மேல் இடுப்பு, பிட்டத்தின் அகலம், இடுப்பிலிருந்து முழங்கால் சில்லின் நடு வரை இறக்கம் என்று மூன்றையும் எடுக்கச் சொல்லுங்கள். முழந்தாளிட்டுப் பாருங்கள், உட்கார்ந்து எழுந்து பாருங்கள். இரண்டாவது கல்யாண அழைப்பு வந்துவிட்டால் சேமிப்பு முழுதையும் கில்ட்டில் போடுங்கள். உள்ளூர்க் கில்ட் தையற்காரர் கையால் தைத்த எட்டு கெஜம், 16 அவுன்ஸ், உங்கள் உடம்புக்கு எடுத்த அளவு. கோட்டை வாடகைக்கு எடுங்கள், ஸ்போரனை நண்பரிடம் கடன் கேளுங்கள், காலணி இருப்பதே போதும். நல்ல கில்ட்டில் பக்கிளை நகர்த்தித் தைக்க முடியும், உடம்பு பெருத்தாலும் இளைத்தாலும் பல ஆண்டு கூடவே வரும்.